பிரிண்டருக்கு வழி தவறினால் என்ன செய்வது? – வீட்டுக் கொம்பியூட்டர் பாடம்



நம்ம லயத்துப் பக்கம் இப்போது சில வீடுகளில் கொம்பியூட்டர் இருக்கிறது. 2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டினதிலிருந்து பிள்ளைகள் போனிலும் கொம்பியூட்டரிலும் படிக்கப் பழகிவிட்டார்கள். அதோடு சில வீடுகளில் வயர் இல்லாத பிரிண்டரும் வந்துவிட்டது. வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகள் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். விண்ணப்பம் அடிக்க, பாடக் குறிப்பு எடுக்க, நாலு பேருக்கு அடித்துக் கொடுத்து நாலு காசு பார்க்க அது உதவுகிறது.

ஆனால் ஒரு நாள் திடீரென்று பிரிண்டர் பேச மாட்டேன் என்று நின்றுவிடும். நேற்று வரை நல்லா ஓடின சாமான். கீழே விழவில்லை, உடையவில்லை, லைட்டும் எரிகிறது. கொம்பியூட்டரோ "பிரிண்டர் ஆஃப்லைன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது. அப்போது என்ன செய்வது? யாரிடம் போவது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. என் சொந்த அக்கா வீட்டில் நடந்த கதையோடு சொல்கிறேன். கதை தெரிந்தால் பாடம் மறக்காது.

அக்கா வீட்டில் நடந்தது

நான் பிறந்தது வளர்ந்தது தோட்டத்தில். இப்போது பிழைப்பு சிலாபத்தில். என் அக்கா கல்யாணம் கட்டிப் போனது உடப்புப் பக்கம். உங்களில் சிலருக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். சிலாபம், முந்தல், புத்தளம் என்று அந்தக் கரையோரம் முழுக்க இறால் பண்ணை, உப்பளம், மீன்பிடி. நம்ம மலையகத்துப் பொடியன்களும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். உடப்பு திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதி திருவிழாவைக் கேள்விப்படாதவர்கள் குறைவு.

அக்கா வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டரும் ஒரு வயர்லெஸ் பிரிண்டரும் இருக்கிறது. டியூசன் வாத்தியார்மாருக்கு வினாத்தாள் அடித்துக் கொடுப்பாள். கோயில் நோட்டீஸ், வேலை விண்ணப்பம், கிராம சேவகரிடம் கொடுக்கும் கடிதம் எல்லாம் அவளிடம்தான் வரும். மச்சானுக்குக் கடல் வேலை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எரிவது அந்தப் பிரிண்டரால்தான்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் வந்த வினை என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையமும் நின்றுபோனது. அது புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரம், மொத்தம் 900 மெகாவாட். அவ்வளவு பெரிய நிலையம் நின்றால் உடனே தூக்கி நிறுத்த முடியாது. அதனால் அடுத்து வந்த நாட்களிலும் முறை வைத்துக் கரண்ட் வெட்டினார்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் அக்கா பிரிண்டரைப் போட்டிருக்கிறாள். ஓடவில்லை. திங்கட்கிழமையும் ஓடவில்லை. மார்ச் மாதம் ஓ.எல். பரீட்சை. மாதிரி வினாத்தாள் அடித்துத் தருவதாக இரண்டு வாத்தியார்மாரிடம் முன்பணம் வாங்கியிருந்தாள். பக்கத்து டவுனில் இருந்து ஒரு ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, "கரண்ட் அடிச்சு போர்ட் போச்சு தங்கச்சி, புதுசுதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எனக்குப் போன் வந்தது.

"தம்பி, பிரிண்டர் செத்துப் போச்சுடா. தோட்டை அடகு வைக்கலாமுன்னு பாக்குறேன்."

"அடகுக் கடைக்குப் போகாத அக்கா. நாளைக்குப் போயா லீவு. நான் வாறேன். வந்து பாத்துட்டுப் பேசிக்கலாம்."

புதன்கிழமை காலையில் புத்தளம் பஸ்ஸில் ஏறினேன். நான் அங்கே போய் என்ன பார்த்தேன், எந்த ஒழுங்கில் பார்த்தேன் என்பதுதான் இனி வரும் பாடம்.

முதலில் தெரிய வேண்டியது: இதில் மூன்று பேர்

வயர் உள்ள பிரிண்டர் என்றால் இரண்டு பேர்தான். கொம்பியூட்டர் ஒரு பக்கம், பிரிண்டர் மறு பக்கம், நடுவில் ஒரு கேபிள். வயர் இல்லாத பிரிண்டரில் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ரவுட்டர், இன்டர்நெட்டுக்காக வீட்டில் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டி. கொம்பியூட்டர் தான் அச்சடிக்க வேண்டியதை ரவுட்டரிடம் கொடுக்கும். ரவுட்டர் அதைப் பிரிண்டரிடம் கொடுக்கும். எல்லாம் ரேடியோ அலையில் நடக்கிறது.

இந்த வித்தை தீவுகளில் பிறந்தது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும், கடலால் பிரிந்து கிடந்த தீவுகளின் கொம்பியூட்டர்களை ரேடியோவால் இணைத்தார்கள். இரண்டு கொம்பியூட்டர் ஒரே நேரத்தில் பேசிக் குழம்பினால், இரண்டும் கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசும். அந்த யோசனையின் வழியில் வந்ததுதான் இன்றைய வைஃபை. அதற்கான பொது விதி 1997இல் வெளியானது.

இப்போது முக்கியமான விஷயம். ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண் கொடுக்கும். அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். 192.168.1.5 என்ற மாதிரி இருக்கும். அந்த எண் இருந்தால்தான் தகவல் போய்ச் சேரும்.

முகவரி என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்ம லயங்கள் பலதுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்ட ஒபீஸுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடிதம் வேறு வீட்டுக்குப் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி. ஆள் வீட்டில் சும்மாதான் இருந்தாள், கடிதமும் எழுதித்தான் இருந்தது. நடுவில் முகவரி சரியில்லை. அவ்வளவுதான்.

பிரிண்டர் கதையும் அதே கதைதான். பெரும்பாலும் பிரிண்டர் சாவதில்லை. கொம்பியூட்டர் பழைய முகவரிக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கும்.

படி 1: பிரிண்டருக்கு உயிர் இருக்கிறதா?

யார் என்ன சொன்னாலும் முதலில் இதைப் பாருங்கள். கொம்பியூட்டரைத் தொடாதீர்கள். பிரிண்டரின் மூடியைத் திறந்து கண்ணாடியில் ஒரு தாளை வைத்து, பிரிண்டரில் உள்ள கொப்பி பட்டனை அமுக்குங்கள். போட்டோ கொப்பி வந்தால் பிரிண்டருக்கு உடம்பு நல்லா இருக்கிறது. மை இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, தாள் இழுக்கிறது. இனி நோய் வழியில்தான்.

கொப்பி வராவிட்டால் தாள் முடிந்ததா, சிக்கியதா, மை தீர்ந்ததா என்று பாருங்கள். பிரிண்டரின் சின்னத் திரையில் அல்லது சிவப்பு லைட்டில் அது தெரியும்.

அக்கா வீட்டில் நான் வைத்தது மருமகளின் பள்ளிக்கூட அட்டையை. அச்சு அழகாக வந்தது. "போர்ட் போனா இப்படி வருமா அக்கா?" என்றேன். அக்கா வாயில் கை வைத்தாள்.

படி 2: மூன்று பேரும் ஒரே வைஃபையில் இருக்கிறார்களா?

கொம்பியூட்டர் எந்த வைஃபை பெயரில் இணைந்திருக்கிறது என்று திரையின் கீழ் மூலையில் பாருங்கள். பிரிண்டர் எந்தப் பெயரில் இருக்கிறது என்று அதன் மெனுவில் பாருங்கள். இரண்டும் ஒரே வீட்டு ரவுட்டராக இருக்க வேண்டும்.

நம்ம ஆட்கள் அடிக்கடி விழுகிற குழி இங்கேதான். ரவுட்டரில் டேட்டா முடிந்துவிடும். உடனே போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு கொம்பியூட்டரை அதில் இணைப்பார்கள். இன்டர்நெட் வரும், ஆனால் பிரிண்டர் காணாமல் போகும். பிரிண்டர் இன்னும் ரவுட்டரிடம் இருக்கிறது, கொம்பியூட்டர் போனிடம் போய்விட்டது. எப்படிப் பேசுவார்கள்?

இதை நன்றாக மனதில் வையுங்கள்: வீட்டுக்குள் அச்சடிக்க டேட்டா தேவையில்லை. டேட்டா ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் கொம்பியூட்டரும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும்.

இன்னொன்று. சில ரவுட்டரில் விருந்தாளிக்கென்று "கெஸ்ட்" வைஃபை தனியாக இருக்கும். அதில் இணைந்த கொம்பியூட்டருக்குப் பெரும்பாலும் வீட்டுப் பிரிண்டர் தெரியாது. விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைக்கிற மாதிரிதான் அது.

ரவுட்டர் இரண்டு அலையில் பேசும். ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். வீட்டுப் பிரிண்டர் பலதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரேடியோவில் முள்ளைச் சரியான இடத்தில் வைத்தால்தான் பாட்டுக் கேட்கும், இல்லையா? அது போல. பிரிண்டரை இணைக்கும்போது 2.4 உள்ள பெயரைத் தெரிவு செய்யுங்கள். கொம்பியூட்டர் அதே ரவுட்டரின் 5இல் இருந்தால் பொதுவாகப் பாதகமில்லை.

படி 3: ஒழுங்காக நிறுத்தி, ஒழுங்காகத் தொடங்குங்கள்

"நிறுத்திப் போடு" என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எதை முதலில் போடுவது என்று சொல்ல மாட்டார்கள். பிரட்டுக்களத்தில் கங்காணி வராமல் ஆட்கள் மட்டும் வந்து நின்றால் யார் பேர் போடுவது? முதலில் வர வேண்டியவர் ரவுட்டர்.

அ. கொம்பியூட்டரை நிறுத்துங்கள். பிரிண்டரை நிறுத்துங்கள். ரவுட்டரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள்.
ஆ. ஒரு நிமிடம் பொறுங்கள்.
இ. ரவுட்டரை மட்டும் போடுங்கள். லைட் எல்லாம் அமைதியாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.
ஈ. பிறகு பிரிண்டர். வைஃபை லைட் சிமிட்டாமல் நின்று எரியும் வரை பாருங்கள். அநேகமான பிரிண்டர்களில் சிமிட்டினால் தேடுகிறது, நின்று எரிந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.
உ. கடைசியாகக் கொம்பியூட்டர்.

பாதிப் பேருக்குக் கோளாறு இதோடு தீர்ந்துவிடும். அக்கா வீட்டில் தீரவில்லை. லைட் நின்று எரிந்தது, ஆனாலும் "ஆஃப்லைன்".

படி 4: சிக்கின வேலையைத் துடையுங்கள்

அச்சுக்குப் போன வேலைகள் கொம்பியூட்டரில் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்பது சிக்கினால் பின்னால் உள்ளது எதுவும் நகராது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு கூடை தராசில் மாட்டிக்கொண்ட மாதிரி.

விண்டோஸ் 11இல் "செட்டிங்ஸ்", பிறகு "புளூடூத் அண்ட் டிவைசஸ்", பிறகு "பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்" என்று போங்கள். உங்கள் பிரிண்டரைத் தெரிவு செய்து அதன் வரிசையைத் திறந்து, நிற்கிற வேலை எல்லாவற்றையும் ரத்துச் செய்யுங்கள். ரத்தாகாமல் அடம் பிடித்தால் "சர்விசஸ்" என்று தேடித் திறந்து, "பிரிண்ட் ஸ்பூலர்" என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அங்கேயே இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். "யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்" என்பதில் சரி அடையாளம் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று பழையது, செத்தது. மற்றது புதியது. பலர் தெரியாமல் செத்ததுக்கே அச்சு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

அக்காவின் கொம்பியூட்டரில் பதினேழு வேலை வரிசையில் நின்றது. ஓடாது ஓடாது என்று மறுபடி மறுபடி அமுக்கியிருக்கிறாள். எல்லாம் துடைத்தேன். ஒருவேளை நான் துடைக்காமல் இணைப்பைச் சரிசெய்திருந்தால் பதினேழும் ஒரே மூச்சில் வந்து தாளையும் மையையும் தின்றிருக்கும்.

படி 5: பிரிண்டரிடமே முகவரி கேளுங்கள்

இதுதான் பாடத்தின் நடு மையம். பிரிண்டரின் மெனுவில் "நெட்வேர்க் ஸ்டேட்டஸ்" அல்லது "நெட்வேர்க் ரிப்போர்ட்" என்று ஒன்று இருக்கும். திரை இல்லாத பிரிண்டரில் ஏதாவது ஒரு பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் அந்த அறிக்கை அச்சாகி வரும். எந்தப் பட்டன் என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் வேறு. கூட வந்த புத்தகத்தில் இருக்கும். அதனால் அந்தப் புத்தகத்தை அடுப்புப் பற்ற வைக்க எடுக்காதீர்கள்.

அந்த அறிக்கையில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள்.

192.168 என்று தொடங்கினால் அநேகமாக ரவுட்டர் கொடுத்த எண். நல்லது.
169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடம் எண் கிடைக்கவில்லை, பிரிண்டர் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது. படி 7க்குப் போங்கள்.

நல்ல எண் கிடைத்தால் கொம்பியூட்டரில் இன்டர்நெட் பார்க்கும் பக்கத்தைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் அந்த எண்ணை மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் வழி சுத்தம். கொம்பியூட்டரின் நினைவில்தான் பிழை.

அக்காவின் பிரிண்டர் காட்டிய எண் 192.168.1.9. கொம்பியூட்டரில் "பிரிண்டர் புரொப்பர்ட்டீஸ்", அதற்குள் "போர்ட்ஸ்" என்ற இடத்தைத் திறந்தேன். அங்கே எழுதியிருந்தது 192.168.1.5. பார்த்தீர்களா?

நடந்தது இதுதான். கரண்ட் போனபோது ரவுட்டர் செத்து, வந்தபோது மறுபடி பிறந்தது. கரண்ட் போனால் சின்ன ரவுட்டர் சிலது பழைய பதிவை மறந்துவிடும். அது முழித்தவுடன் வீட்டில் உள்ள போன்கள் முந்திக்கொண்டு எண் வாங்கின. 5ஆம் எண் மச்சானின் போனுக்குப் போனது. பிரிண்டர் பின்னால் போய் 9ஐ வாங்கியது. கொம்பியூட்டருக்கு இது எதுவும் தெரியாது. மூன்று நாளாக அது மச்சானின் போன் வாசலில் நின்று "பிரிண்டர், பிரிண்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

படி 6: கொம்பியூட்டருக்குப் புது முகவரி சொல்லுங்கள்

லேசான வழி: "பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்" பக்கத்தில் பழைய பிரிண்டரை "ரிமூவ்" செய்துவிட்டு, "ஆட் டிவைஸ்" அமுக்கி மறுபடி சேருங்கள். தேடிக் கண்டுபிடித்தால் முடிந்தது. கண்டுபிடிக்காவிட்டால் "ஆட் மேனுவலி" என்று வரும். அதில் ஐ.பி. முகவரியால் சேர்க்கும் வழியைத் தெரிவு செய்து, பிரிண்டர் காட்டிய எண்ணை எழுதுங்கள்.

எல்லாக் கொம்பியூட்டரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு அலைவதில்லை. சிலது பிரிண்டரைப் பெயரால் தேடிப் பிடிக்கும். அதனால்தான் பக்கத்து வீட்டில் ஒன்றும் ஆகாமல் உங்கள் வீட்டில் மட்டும் நிற்கலாம்.

அக்காவின் கொம்பியூட்டரில் 9ஆம் எண்ணை எழுதி, சோதனைத் தாள் அனுப்பினேன். பிரிண்டர் ஒரு தடவை முனகியது, பிறகு தாள் வந்தது. மருமகள் கை தட்டினாள். அக்கா ஒன்றும் பேசாமல் காதில் இருந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

படி 7: ரவுட்டர் மாறியிருந்தால், பாஸ்வேர்ட் மாறியிருந்தால்

புது ரவுட்டர் வாங்கினாலோ, பக்கத்து வீட்டார் திருடுகிறார்கள் என்று பாஸ்வேர்டை மாற்றினாலோ, போனுக்கும் கொம்பியூட்டருக்கும் சொல்வோம். பிரிண்டருக்குச் சொல்ல மறந்துவிடுவோம். அது பழைய பூட்டுக்குப் பழைய சாவியை வைத்துக்கொண்டு நிற்கும். பிரிண்டர் மெனுவில் "வயர்லெஸ் செட்டப்" சென்று புதுப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். திரை இல்லாத பிரிண்டர் என்றால் கம்பெனியின் போன் செயலி மூலம் கொடுக்கலாம். ரவுட்டரிலும் பிரிண்டரிலும் "டபிள்யூ.பி.எஸ்." பட்டன் இருந்தால், ஒன்றை அமுக்கி இரண்டு நிமிடத்துக்குள் மற்றதையும் அமுக்கினால் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

புது ரவுட்டரில் பூட்டு முறை "டபிள்யூ.பி.ஏ. 3" என்று மட்டும் இருந்தால் பழைய பிரிண்டருக்கு அது புரியாது. 2ம் 3ம் கலந்த முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மறுபடி வராமல் இருக்க

இன்று எண்ணைத் திருத்தினோம். நாளைக்குக் கரண்ட் போனால் மறுபடி மாறாதா? மாறலாம். அதற்கு நிரந்தர வழி உண்டு. ஒவ்வொரு பிரிண்டருக்கும் தொழிற்சாலையில் கொடுத்த ஒரு பிறவி எண் இருக்கும். அதற்கு மக் முகவரி என்று பெயர். நம்ம அடையாள அட்டை இலக்கம் மாதிரி. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, "இந்தப் பிறவி எண் உள்ளவருக்கு எப்போதும் இந்த ஐ.பி. முகவரிதான்" என்று எழுதி வைக்கலாம். "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்று அந்த இடத்துக்குப் பெயர். ரவுட்டர் பக்கத்தின் எண்ணும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். செய்யும் முன் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அக்கா வீட்டில் 9ஆம் எண்ணைப் பிரிண்டருக்கே எழுதிவைத்தேன். அதற்குப் பிறகும் அங்கே கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. எண் மாறவில்லை.

கடலோரத்துக்கும் மலைக்கும் சில குறிப்புகள்

கடலோரத்தில் உப்புக் காற்று. அக்கா வீட்டுப் பிளக் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் பிரிண்டரை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

மலையில் பனியும் ஈரமும். தாள் ஈரம் குடித்தால் வளையும், ஒட்டும், சிக்கும். தாள் கட்டைப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.

தகரம் ரேடியோ அலையைத் தடுக்கும். தண்ணீரும் தடுக்கும். ரவுட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் தகரச் சுவர், பிரிஜ், தண்ணீர்த் தொட்டி இருக்கக் கூடாது. ரவுட்டரைத் தரையில் போடாமல் உயரத்தில் வையுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். அப்போது ரவுட்டரையும் பிரிண்டரையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கரண்ட் போனாலும் கழற்றுங்கள், வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள்.

அவசர வேலை என்றால் யூ.எஸ்.பி. கேபிள் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அநேகமான வயர்லெஸ் பிரிண்டரில் கேபிள் மாட்டவும் இடம் உண்டு. வழி அடைபட்டால் குறுக்குப் பாதை மாதிரி அது உதவும்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: எப்போது ரிப்பேர் கடைக்குப் போகலாம்?
பதில்: கொப்பியும் வரவில்லை, லைட்டும் எரியவில்லை, கருகிய மணம் வருகிறது என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கடைக்குப் போங்கள். நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: கடைக்காரர் "போர்ட் போச்சு" என்றால்?
பதில்: "ஒரு போட்டோ கொப்பி எடுத்துக் காட்டுங்க அண்ணே" என்று மரியாதையாகக் கேளுங்கள். எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. அவசரத்தில் சரியாகப் பார்க்காமலும் சொல்லியிருக்கலாம்.

கேள்வி: இதெல்லாம் பெண்பிள்ளைகளால் செய்ய முடியுமா?
பதில்: இப்போது அந்தத் தெருவில் யார் வீட்டுப் பிரிண்டர் நின்றாலும் என் அக்காவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டு வேலை

1. உங்கள் பிரிண்டரின் நெட்வேர்க் அறிக்கையை இன்றே ஒரு தாள் எடுங்கள். நோயில்லாத நேரத்தில் எடுத்து வைத்தால்தான் நோய் வந்த நேரத்தில் ஒப்பிடலாம்.
2. அதில் உள்ள ஐ.பி. முகவரி, மக் முகவரி, வைஃபை பெயர் மூன்றையும் அடிக்கோடிட்டு, பிரிண்டரின் பக்கத்தில் ஒட்டுங்கள்.
3. ஏழு படியையும் ஒரு அட்டையில் எழுதி பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களே அடுத்த லயத்துக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

முன்பு, 1990களின் கடைசியில், கொத்மலை சமூக வானொலியில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு நல்ல வேலை நடந்தது. இன்டர்நெட்டைக் கண்ணால் பார்த்திராத மக்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் உள்ளவர்கள் இன்டர்நெட்டில் தேடி வானொலியில் பதில் சொல்வார்கள். ஒருத்தர் தெரிந்துகொண்டதை ஊரே தெரிந்துகொண்டது. நாமும் அப்படியே செய்வோம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது அக்கா வாசல் வரை வந்தாள். வீட்டுக்குள் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு என் கடிதம் ஒபீஸுலயே கெடந்துச்சு தம்பி, யாருமே தேடிப் பாக்கல. நீயாச்சும் தேடிப் பாத்தியே."

வினாத்தாள் அடுத்த நாள் காலையில் வாத்தியார்மார் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தோடும் காதிலேயே இருக்கிறது.

அடுத்த பாடத்தில் சந்திப்போம்.